பதினோராவது பந்தியில் காளியாயி

காளியாயி எங்கள் அலுவலகத்துக்கு வந்த செவ்வாய்க்கிழமை, ஹட்டனில் விடியற்காலையிலிருந்தே மழை. ஐம்பது வயதுப் பெண். இறந்துபோன எஜமானியின் கறுப்புக் குடையை மடக்கி, சொட்டுகிற தண்ணீர் எங்கள் தரையில் விழுந்துவிடக் கூடாதென்று தன் சேலை மேலேயே சாய்த்துப் பிடித்திருந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

என் பெயர் றோசலின். பத்திரம் எழுதும் நொத்தாரிசு வியாகுலம் ஐயாவிடம் இருபத்திரண்டு வருடமாகத் தட்டெழுத்து அடிக்கிறேன். உறுதி, உயில், உடன்படிக்கை என்று வருகிறவர்கள் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. பங்கு குறைந்துவிட்டதென்று என் மேசையில் குத்தியவர்கள்கூட உண்டு. ஆனால் காளியாயி கேட்டதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"மிஸ், எங்கம்மா உயிலு எழுதி வச்சிருக்காங்களாமே. அதுல என்னைய யாருக்கு எழுதியிருக்காங்க?"

'எங்கம்மா' என்று அவள் சொன்னது பெற்றவளை அல்ல. நோர்வூட்டில் கண்டாக்கு வீடு என்று எல்லோரும் சொல்லும் பெரிய வீட்டுக்காரி பூரணியம்மாவை. தோட்டத்தில் கண்டாக்காக, அதாவது துரைக்கு அடுத்தபடி வேலை வாங்குகிறவராக இருந்த வீரய்யாவின் மனைவி. வீரய்யா செத்து நாற்பது வருடமாகிறது. பூரணியம்மாவுக்குப் போன வாரம்தான் கருமாதி முடிந்திருந்தது.

"ஏன் அக்கா அப்படிக் கேக்குறீங்க?" என்றேன். எனக்குத் தெரியாததுபோலக் கேட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"தம்பிக்கு மட்டும் எழுதியிருக்கக் கூடாதுன்னு கும்புட்டுக்கிட்டு இருக்கேன். மாரியம்மன் கோயிலுக்கு எழுதியிருந்தாக்கூட பரவால்ல மிஸ். கூட்டிப் பெருக்கிக்கிட்டு ஒரு மூலையில கெடப்பேன்."

தம்பி என்றது பூரணியம்மாவின் ஒரே மகன் தர்ஷனை. கொழும்பில் மூன்று மாடி வீடு, பெரிய உத்தியோகம். அவனைக் கைக்குழந்தையிலிருந்து இடுப்பில் சுமந்தவள் காளியாயிதான். 

"ஐயா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து வாசிப்பாங்க. அதுக்கு முன்னால நாங்க சொல்லக் கூடாதுக்கா" என்றேன். சட்டம் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு வாய் வரவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, மழை விடும்வரைக்கும்கூட நிற்காமல் இறங்கிப் போனாள்.

அவள் கதையை இந்தப் பக்கத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தும் யாருக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

அப்பா பழனியாண்டி நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். எண்பத்து மூன்றில் அவர்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு வந்தது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம். காளியாயிக்கு ஒன்பது வயது. பகலில் கண்டாக்கு வீட்டுக்குப் போய்க் குழந்தை தர்ஷனைத் தூக்கி வைத்திருப்பாள், பொழுது சாய லயத்துக்குத் திரும்புவாள். ஒருநாள் வீரய்யா கண்டாக்கு பழனியாண்டியை எங்கோ அழைத்துப்போய், ஏதோ ஒரு தாளில் கைநாட்டு வைக்கச் செய்தார். சில வாரம் கழித்துப் பழனியாண்டி பூரணியம்மா வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். உள்ளே போய்ப் பேசினார். வெளியே வந்து மகளைப் பார்த்து அழுதார்.

"ஒன்னைய இவங்களுக்கு எழுதிக் குடுத்துட்டேனாம் ஆயி. எனக்குத் தெரியாமப் போச்சு. கைநாட்டு வச்சாச்சு. இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

குடும்பம் தலைமன்னாருக்கு ரயில் ஏறியது. அம்மா, அப்பா, இரண்டு தம்பிகள். காளியாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்டாக்கு வீட்டு வேலியோரம் நின்றிருந்தாள்.

இதைக் கேட்டால் வேறு ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு கைநாட்டுக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவானா என்பார்கள். நானும் வட்டவளை லயத்தில் பிறந்தவள், என் அப்பாவும் கைநாட்டுதான். எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றியதும் ஒரு கைநாட்டு, தோட்டத்தில் பதிந்ததும் ஒரு கைநாட்டு, திருப்பி அனுப்பியதும் ஒரு கைநாட்டு. பெருவிரல் மை பட்ட தாளை எதிர்த்துப் பேசலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. சொல்லித்தர வேண்டியவர்களுக்கு அது வசதியாகவும் இல்லை.

அந்தத் தாளைப் பூரணியம்மா வீட்டு உறுதிப் பத்திரங்களோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, தேக்கு அலுமாரிக்குள் பூட்டி வைத்தாள். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூசையன்று, டின் வெளியே வரும். காணி உறுதி, வீட்டு உறுதி, காளியாயியின் தாள் மூன்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பாள். கற்பூரம் காட்டுவது காளியாயியின் வேலை. காட்டிவிட்டு அவளும் விழுந்து கும்பிட வேண்டும். நாற்பது வருடம் தன்னைக் கட்டிப்போட்ட தாளைத் தானே கும்பிட்டிருக்கிறாள். இதை அவளே ஒருநாள் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள். 

"தாளு எங்க இருக்கோ அங்கதான் நீ" என்பது பூரணியம்மாவின் பேச்சு. அடித்தாள், சூடு வைத்தாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாப்பாடு போட்டாள், தீபாவளிக்குச் சேலை எடுத்தாள். பயத்தை மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

பதினேழு வயதில் காளியாயி ஒருமுறை ஓடியிருக்கிறாள். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு சித்தப்பா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினாள். சண்டைக் காலம். நடுவழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையைக் காட்டியவர்கள் ஏறிக்கொண்டார்கள், பஸ் போய்விட்டது. அட்டை இல்லாத காளியாயி மட்டும் துப்பாக்கிக்காரர்களோடு தெருவில் நின்றாள். அவர்கள் சிங்களத்தில் என்னவோ கேட்டார்கள், அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. மூன்று மணிநேரம் கழித்து, யார் மூலமோ செய்தி கேட்டுப் பூரணியம்மா வாடகைக் காரில் வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி மீட்டுக்கொண்டு போனாள்.

காருக்குள் ஏறியதும் சொன்னாளாம்: "பாத்தியா? தாளு எங்கிட்ட இருக்கவாசி ஒன்னைய விட்டானுங்க. இல்லாட்டி இன்னேரம் நீ எங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் வாசல் படலையைத் தாண்டிக் கடைக்குப் போவதென்றாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அட்டை எடுப்பதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் பூரணியம்மா, உன்னை மாதிரி ஆட்களுக்கு அட்டை கிடையாது என்று முடித்துவிட்டாள்.

தர்ஷனைப் பற்றிய பயம் வேறு. நாலு வருடத்துக்கு முன் வட்டவளையிலிருந்து ஷாமிலா என்ற பெண்ணைக் கொழும்பு வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனான். வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், தாயைப் பார்க்க வந்தபோது அவளையும் கூட்டிவந்து நோர்வூட் வீட்டில் ஒரு இரவு தங்க வைத்தான். காளியாயிதான் அவளுக்குச் சோறு போட்டாள். அந்தப் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டதற்கு ஷாமிலா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டாள். அடுத்த அறையில் தர்ஷன் தாயோடு சிரித்துப் பேசுவது கேட்டுக்கொண்டிருந்ததாம். தான் நிலாக் காட்டிச் சோறூட்டிய பிள்ளையின் சிரிப்பைக் கேட்டு உடம்பு குளிர்ந்துபோனது அன்றைக்குத்தான் என்றாள்.

இனி என் பங்கு. ஒன்பது வருடத்துக்கு முன் அந்த உயிலைத் தட்டெழுத்து அடித்தவள் நான். பூரணியம்மாவின் விருப்பத்தை ஐயா சொல்லச் சொல்ல அடித்தேன். பதினோராவது பந்தி இது: 'எனது நோர்வூட் வீட்டிலுள்ள தேக்கு அலுமாரி, சாப்பாட்டு மேசை, தையல் இயந்திரம், பித்தளைப் பாத்திரங்கள், வேலைக்காரி காளியாயி ஆகிய அனைத்தும் எனது மகன் தர்ஷனைச் சேர வேண்டியவை.'

அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. வியாகுலம் ஐயா சிரித்தார்.

"அந்தக் காலத்து அமெரிக்காக்காரன் உயிலு மாதிரி இருக்கே" என்றார். அங்கே முன்பு கட்டில், குதிரை, பசுமாட்டோடு கறுப்பு மனிதர்களின் பெயரையும் வரிசையாக எழுதி, இவள் மூத்த மகளுக்கு, இவன் இளையவனுக்கு, இவள் வயிற்றில் இனிப் பிறக்கப்போவது பேரனுக்கு என்று பங்கு வைப்பார்களாம். சட்டப் புத்தகத்தில் படித்தாராம்.

"அப்ப இத எடுத்துருவோமா ஐயா?"

"அம்மா ஆசைக்கு இருந்துட்டுப் போகட்டும் றோசலின். மனுசரை எழுதிக் குடுத்தா சட்டத்துக்கு முன்னால செல்லாது. செல்லாதது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இருந்தது. போதாததற்கு, இரண்டு சாட்சிகளில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டவளும் நானே. வீட்டுக்குப் போய்த் தேங்காய்ச் சம்பல் அரைத்துச் சோறு தின்றுவிட்டுப் படுத்தேன். நன்றாகத்தான் தூங்கினேன் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை நோர்வூட் வீட்டு முன்னறையில் தர்ஷன், அவன் மனைவி ஜெயந்தினி, வியாகுலம் ஐயா, நான். காளியாயி சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயா ஒவ்வொரு பந்தியாக வாசித்தார். பதினோராவதை வேகமாக வாசித்துத் தாண்டப் பார்த்தார். ஆனால் அவள் தன் பெயருக்காகவே காத்துக்கொண்டிருந்தவள். பெயர் விழுந்ததும் கதவு நிலையோடு வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.  வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

தர்ஷன் கைத்தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"ஞாயித்துக்கெழம வேன் வருது காளி. அலுமாரி, மேசையெல்லாம் ஏத்தணும். நீயும் ஒன் சாமானக் கட்டிவை. ஜெயந்தினிக்கு ஆளில்லாம கஷ்டமா இருக்கு."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள். சேலையை இழுத்துத் தன் இரண்டு முழங்கைகளையும் மூடிக்கொண்டாள். 

உறுதிகளைக் குறித்துக்கொள்வதற்காக ஜெயந்தினி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காணி உறுதி, வீட்டு உறுதி. அடியில் அந்தத் தாள். நாற்பது வருடச் சந்தனமும் குங்குமமும் ஏறிக் காய்ந்து மடிப்பெல்லாம் மொடமொடத்துப்போயிருந்தது. காளியாயி அதைக் கண்டதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பிட்டாள்.

விரித்தேன். சிங்களத்தில் நிரப்பியிருந்தது. முதல் வரியைப் படித்ததும் எனக்குப் பிழையாகத் தெரிகிறதோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். அது எழுதிக் கொடுத்த தாளே அல்ல. பிறப்புச் சான்றிதழ். பிந்திப் பதிந்தது. தகப்பன் பழனியாண்டி, தாய் மீனாட்சி, பிள்ளை காளியாயி, பெண். கீழே பிறப்பைத் தெரிவித்த தகப்பனின் பெருவிரல் அடையாளம். ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு துண்டுக் காகிதம், அதில் தமிழில் வீரய்யா கண்டாக்கின் கையெழுத்து: 'கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயர் சேர்க்க. பழனியாண்டியிடம் கொடுக்கவும்.'

வீரய்யா அந்த மாதமே மாரடைப்பில் போனவர். கொடுக்க வேண்டியதைப் பூரணியம்மா கொடுக்கவில்லை. கேட்டு வந்த தகப்பனிடம் கதையை மாற்றிச் சொல்லிவிட்டாள். குழந்தையைத் தூக்கி வைத்திருக்க ஒரு ஆள் வேண்டுமே.

நான் வியாகுலம் ஐயாவைப் பார்த்தேன். அவரும் எட்டிப் படித்துவிட்டார். வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார். தர்ஷன் அவருக்கு நிறைய வேலை கொடுக்கிற ஆள். எனக்கும் அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை, தனிக்கட்டை. பயமாகத்தான் இருந்தது.  ஆனால் ஒன்பது வருடத்துக்கு முன் இதே ஐயா 'இருந்துட்டுப் போகட்டும்' என்றதற்குத்தான் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு தடவை ஏலாது.

சத்தமாக வாசித்தேன். சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. துண்டுக் காகிதத்தையும் வாசித்தேன்.

"அக்கா, ஒங்கப்பா ஒங்கள யாருக்கும் எழுதிக் குடுக்கல. கூட்டிக்கிட்டுப் போறதுக்குத்தான் கைநாட்டு வச்சிருக்காரு" என்றேன்.

 தர்ஷன் கையை நீட்டினான்.

"அதக் குடுங்க இப்புடி. வீட்டுச் சாமான்தானே."

"இது அவங்களோடது" என்று சொல்லித் தாளை என் கைப்பைக்குள் வைத்து மூடினேன். வேறெங்கே வைப்பதென்று தோன்றவில்லை. அவன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. அப்போதுதான் வியாகுலம் ஐயா தொண்டையைச் செருமினார். சபையில் சத்தமாக வாசித்த பிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

"பதினோராவது பந்தியில ஆளப் பத்தின பகுதி சட்டப்படி செல்லாது தம்பி. அவங்க விருப்பம்னா வரலாம். இல்லாட்டி கட்டாயப்படுத்த ஏலாது."

"இவ எங்க போவா? இவளுக்கு யாரு இருக்கா?" தர்ஷன் அவள் பக்கம் திரும்பினான். குரல் தாழ்ந்து நைச்சியமாக வந்தது. "சொல்லு காளி. நீதானே என்னைய வளத்த. நீ எங்கூட வரலியா?"

காளியாயி எழுந்தாள்.  அவன் முகத்தை ஒருமுறை, என் கைப்பையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுவரோரமாகவே நடந்து, அவனை ஒதுக்கிச் சுற்றி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

என்னைத் தேர்ந்தெடுத்தாள் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், எனக்கு அப்போது பெருமையாகவே இருந்தது. ஒரு சேலைப் பையோடு அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். தர்ஷன் பின்னால் வருகிறானா என்று பார்க்கிறாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம். வீட்டுக்குள் போனதும் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். திங்கட்கிழமை கிராம சேவகரைப் பார்த்து அடையாள அட்டைக்கு எழுதிக் கொடுப்போம் என்று சொன்னேன். சரி மிஸ் என்றாள். கட்டிலைக் கொடுத்தேன், மறுத்து அடுப்படியில் பாயை விரித்தாள்.

காலையில் நான் எழுந்து வந்தபோது முற்றம் பெருக்கியிருந்தது. என் சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் கழற்றிப்போட்ட சேலை துவைத்துக் கொடியில் தொங்கியது. மேசையில் எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி. காளியாயி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நோர்வூட்டில் நின்ற அதே மாதிரி.

"ஏன் அக்கா இதெல்லாம் செய்றீங்க? ஒக்காருங்க."

"காலைக்கு ரொட்டி சுடவாம்மா, புட்டு அவிக்கவா?" என்றாள். நேற்றுவரை மிஸ். இன்று அம்மா.

"அக்கா, நீங்க இங்க வேலைக்கு வரல."

அவள் குழம்பிப்போய் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியில் மாட்டியிருந்த என் கைப்பையைப் பார்த்தாள்.

"தாளு ஒங்க பையிலதானேம்மா இருக்கு?" என்றாள் மெதுவாக. "நீங்க நல்லவங்களாத்தான் தெரியிறீங்க. நான் ஓட மாட்டேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளை மீட்டுக்கொண்டு வந்ததாக நினைத்தவள் நான். அவள் கணக்கில் தேக்கு அலுமாரி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இரவெல்லாம் என் அடுப்படியில் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு படுத்திருந்திருக்கிறாள். இனிச் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு மனமில்லை.

"அக்கா, அந்த உயில டைப் அடிச்சது நான். ஒங்க பேர மேச நாக்காலியோட சேத்து அடிச்சதும் நான்தான். சாட்சிக் கையெழுத்தும் என்னோடது. நான் நல்லவ இல்ல."

அவள் பின்னால் ஓரடி நகர்ந்தாள். தர்ஷனைப் பார்த்த அதே பார்வை என் மேல் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டேன். எழுந்து பையைத் திறந்து தாளை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வெகுநேரம் நீட்டிக்கொண்டே நின்றேன், கை வலித்தது.

"எங்க வக்கிறது?" என்று கேட்டாள் கடைசியில். "எங்கிட்ட பூட்டுற பொட்டி இல்லியே."

"எங்க வேணும்னாலும் வைங்க. ஒங்களோடது."

இரண்டு கையாலும் வாங்கினாள். விரித்து, எழுத்துக்களையெல்லாம் விட்டுவிட்டு, அடியில் இருந்த அந்த நீலப் பெருவிரல் அடையாளத்தைத் தேடிப் பிடித்தாள். அதன் மேல் தன் பெருவிரலை வைத்து அழுத்தினாள். வைத்த விரலை உடனே எடுக்கவில்லை.

"அப்ப எங்கப்பா என்னையக் கேட்டுத்தான் வந்திருக்காரு" என்றாள்.

தாளை மடித்து இரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து, சத்தம் வருமோ என்று நின்று, மறுபடி இழுத்து உட்கார்ந்தாள். எனக்கென்று ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியைத் தன் பக்கம் நகர்த்தி, ஒரு கண் வாசற்கதவின் தாழ்ப்பாளிலேயே இருக்க, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். குடித்து முடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தவள், பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து அதைக் கழுவாமலே மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.